ஹேவாஹெட்ட: ஒரு ரட்டவின் நிருவாக வரலாறு

கண்டி நகரின் தென்கிழக்கே, மகாவலி கங்கைக்குத் தெற்கில் படிப்படியாக உயர்ந்து செல்லும் மலைகளும் அவற்றின் மடியில் கிடக்கும் வயற்பள்ளங்களும் சேர்ந்த நிலப்பகுதி ஹேவாஹெட்ட. தலாத்துஓயா, மாரஸ்ஸன, தெல்தோட்டை, கலஹா, ஹங்குரன்கெத்த, ரிக்கிலகஸ்கட ஆகிய ஊர்கள் அதனுள் அடங்கும். பழைய வழக்கில் இவை எல்லாம் ஒரே ஆட்சிப் பிரிவு. இன்றோ அந்தப் பிரிவு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. தாழ்ந்த பகுதி பாத்தஹேவாஹெட்ட, தெல்தோட்டை என்னும் பிரதேச செயலகப் பிரிவுகளாகக் கண்டி மாவட்டத்தில் உள்ளது. உயர்ந்த பகுதி ஹங்குரன்கெத்த பிரதேச செயலகப் பிரிவாக நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டது. ஹேவாஹெட்ட என்ற கடைத்தெரு நுவரெலியா மாவட்டத்தில் இருக்க, ஹேவாஹெட்ட என்ற தேர்தல் தொகுதி கண்டி மாவட்டத்தில் இருக்கிறது. வெளியூரார் குழம்புவதில் வியப்பில்லை. அரச அலுவலக வாசல்களில் உள்ளூராரும் அவ்வப்போது குழம்புவதுண்டு.

கண்டி இராச்சியத்தின் நிருவாகம் இரு வளையங்களாக அமைந்திருந்தது. வெளி வளையத்தில் ஊவா, மாத்தளை, நான்கு கோறளை, ஏழு கோறளை, சப்பிரகமுவ போன்ற பெரிய திசாவனிகள் இருந்தன. அவற்றை ஆண்ட திசாவைகள் படையும் வருவாயும் உடைய பெருந்தலைவர்கள். தலைநகரைச் சூழ்ந்த உள் வளையத்தில் ரட்ட எனப்பட்ட சிறு பிரிவுகள் இருந்தன. உடுநுவர, யட்டிநுவர, தும்பனை, ஹாரிஸ்பத்துவ, தும்பறை, ஹேவாஹெட்ட, கொத்மலை, உடபுலத்கம, பாதபுலத்கம ஆகியவை அவை. ஒவ்வொன்றையும் நிருவகித்தவர் ரட்டே ரால; பிற்காலத்தில் அவருக்கு ரட்டே மஹத்மயா என்ற பெயர் நிலைத்தது. அவருக்குக் கீழே கோறளைகளும், கோறளைகளுக்குக் கீழே ஊர்த் தலைமைக்காரர்களும் இருந்தனர்.

ரட்டவுக்கும் திசாவனிக்கும் இருந்த வேறுபாடு அளவில் மட்டுமன்று. திசாவை தொலைவில் இருந்ததால் அவர் கலகம் செய்யக்கூடும் என்ற அச்சம் அரண்மனைக்கு எப்போதும் இருந்தது. ரட்ட அரசனின் கண்பார்வைக்குள் இருந்தது. அங்கிருந்துதான் அரண்மனைக்கு அரிசியும் விறகும் போயின. பல்லக்குத் தூக்கவும் காவல் நிற்கவும் ஆட்கள் போனார்கள். நிலம் வைத்திருப்பவர் அதற்கு ஈடாக அரசனுக்குச் சேவை செய்யவேண்டும் என்னும் இராஜகாரிய முறையே இதற்கு அடிப்படை. வயலின் வகையைப் பொறுத்துச் சேவையின் வகை அமைந்தது. ஊர்ச் சண்டைகள் பெரும்பாலும் அதிகாரிவரை போவதில்லை. வேலி, வரம்பு, மேய்ச்சல், சிறு களவு, சிறு கடன் போன்ற வழக்குகளை மூத்த குடிகள் மரத்தடியிலோ அம்பலத்திலோ கூடித் தீர்த்தனர். இக்கூட்டத்துக்குக் கம்சபா என்று பெயர். ஊர்கள் பல சேர்ந்து கூடும்போது அது ரட்டசபா. இன்றைய உள்ளூராட்சி மன்றங்களுக்கு முன்னோடி தேடுவோர் வழக்கமாக இங்கிருந்துதான் தொடங்குவார்கள். உறவு ஓரளவு உண்மை. ஆனால் கம்சபாவில் வாக்குரிமை என்ற எண்ணத்துக்கே இடமில்லை, காணியுள்ள குடிகளின் சொல்லே அங்கு எடுபட்டது.

ஹேவாஹெட்டவை மற்ற ரட்டகளிலிருந்து பிரித்துக் காட்டியது ஹங்குரன்கெத்த. எதிரி தலைநகருக்குள் நுழையும்போதெல்லாம் கண்டி அரசர்கள் நகரைக் காலிசெய்துவிட்டு மலைக்குள் மறைவார்கள். மழையும் காய்ச்சலும் பட்டினியும் அந்நியப் படையைத் தின்று தீர்த்த பிறகு திரும்பி வருவார்கள். இந்தப் போர்முறைக்கு மறைவிடங்கள் தேவை. ஹங்குரன்கெத்த அவற்றுள் மிக முக்கியமானது. அங்கு ஓர் அரண்மனையும் பண்டகசாலையும் இருந்தன.

இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் இம்மறைவிடம் ஏறத்தாழத் தலைநகரே ஆயிற்று. 1664 டிசம்பரில் அவன் நிலம்பையில் தங்கியிருந்தபோது அம்பன்வெல ரால முதலியோர் கலகம் செய்தனர். அரசன் இரவோடிரவாக மலைகளைக் கடந்து தப்பினான். கலகக்காரர் இளவரசனை அரியணையில் ஏற்ற முயன்றனர்; சிறுவனான அவன் தந்தையிடமே ஓடிவிட, கலகம் சில நாட்களில் சிதறியது. அதன்பின் அரசன் கண்டிக்கோ நிலம்பைக்கோ திரும்பவில்லை. தியதிலக நுவர எனப்பட்ட ஹங்குரன்கெத்தவில் அவை நடத்தி, 1687இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தான்.

அக்காலத்தில் கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் இவ்விடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1660இல் பிடிபட்டு, 1679இல் மன்னார்ப் பக்கமாகத் தப்பி, 1681இல் லண்டனில் நூல் வெளியிட்டவர் அவர். பாறையும் மலையுமாக, விளைச்சல் குறைந்த, தீவிலேயே இதைவிட மோசமான இடம் கிடைப்பது அரிது என்னும் அளவுக்கு வறண்ட நிலம் என்பது அவர் கணிப்பு. அரசன் அதைத் தெரிந்தெடுத்ததற்கு அவர் இரண்டு காரணங்கள் தருகிறார்: இராச்சியத்தின் நடுவில் இருப்பது ஒன்று, அரண்மனைக்குப் பின்னால் ஓடி ஒளிய ஒரு பெருமலை இருப்பது மற்றொன்று. நொக்ஸ் அரசனை வெறுத்தவர், அவர் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் இந்தக் காரணங்களைச் சொல்லும் இடத்தில் அவர் குறி தவறவில்லை. நிலத்தின் செழிப்பைவிட அதன் கடுமையே ஹேவாஹெட்டவுக்கு அரசியல் மதிப்புத் தந்தது.

1803இல் அதே உத்தி மீண்டும் நடந்தேறியது. பெப்ரவரி மாதம் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாகக் கிடந்தது. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், தெலுங்கு வழியில் வந்த நாயக்க மரபின் கடைசி மன்னன், ஹங்குரன்கெத்தவுக்குப் பின்வாங்கியிருந்தான். அவனைப் பிடிக்க அனுப்பப்பட்ட படை மலையேறி வந்தபோது அவன் அங்கிருந்தும் நழுவிவிட்டான். ஆங்கிலேயர் அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமியைக் கண்டியில் அரசனாக அமர்த்திவிட்டுச் சிறு காவற்படையை விட்டுச் சென்றனர். காய்ச்சல் அதை உருக்கியது. ஜூன் 24இல் மேஜர் டேவி சரணடைந்தார், அவரது படை அழிந்தது. ஆனால் 1815இல் உத்தி பலிக்கவில்லை. தலைவர்கள் பலர் அரசனைக் கைவிட்டிருந்தனர். பெப்ரவரி 18இல் அவன் தும்பறைப் பக்கம் மெதமஹநுவரவுக்கு அருகில் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

ஹங்குரன்கெத்த அரண்மனை ஆங்கிலேயர் கையில் அழிந்தது. அதன் செதுக்கிய கற்களைக் கொண்டே பொத்குல் மாளிகை விகாரை 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஓலைச் சுவடிகளின் பெரும் தொகுதி ஒன்று அங்கே பாதுகாக்கப்படுகிறது. அரண்மனை நின்ற ஊரில் இன்று பார்க்கக் கிடைப்பவை இந்த விகாரையும் அருகிலுள்ள விஷ்ணு தேவாலயமும்தான்.

ஆங்கிலேயருக்கு எதிரான 1817–18 கிளர்ச்சி அடக்கப்பட்டபின் 1818 நவம்பர் 21இல் வந்த பிரகடனம் கண்டித் தலைவர்களின் அதிகாரத்தை வெட்டிக் குறைத்து, ஆங்கிலேய அதிகாரிகளை அவர்களுக்கு மேலே வைத்தது. 1832இல் கோயில் காணிகள் நீங்கலாக இராஜகாரியம் ஒழிந்தது. 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி தீவு 5 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டு, ஹேவாஹெட்ட மத்திய மாகாணத்தில் அமைந்தது. மேலே அரசாங்க அதிபர் என்ற புதிய பதவி வந்தாலும் கீழே ரட்டே மஹத்மயாவும் கோறளைத் தலைவரும் ஊர் ஆரச்சியும் அப்படியே இருந்தனர். முன்பு அரசனுக்குச் சேவை வாங்கித் தந்தவர்கள் இப்போது ஆங்கிலேயருக்கு வரி வாங்கித் தந்தார்கள். 1848இன் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது 3 சிலிங் கட்டவேண்டும் என்றது. ஒழிந்த இராஜகாரியம் வேறு பெயரில் திரும்புகிறது என்று மக்கள் கருதினர். அந்த ஆண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கலகத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய ரட்ட இரண்டாகப் பிளந்தது இந்த ஆட்சியின் கீழ்தான். நுவரெலியா முதலில் வெள்ளையருக்கான குளிர்வாசஸ்தலம். பிறகு கோப்பியும் தேயிலையும் உயர்மலைக்கு ஏற, அங்கே தனி உதவி அரசாங்க அதிபர் தேவைப்பட்டார். அவருக்கு ஒரு மாவட்டம் வேண்டுமே! வலப்பனை, கொத்மலை ஆகியவற்றுடன் உடஹேவாஹெட்ட எனப்பட்ட மேற்பகுதியும் அந்த மாவட்டத்தில் சேர்ந்தது. பாத்தஹேவாஹெட்ட எனப்பட்ட கீழ்ப்பகுதி கண்டியோடு நின்றது. ஆற்றையோ கோறளையின் உறவுமுறைகளையோ பார்த்து இழுத்த கோடு அன்று இது. எந்த அதிகாரியின் மேசைக்கு எந்தக் கோப்பு போகவேண்டும் என்பதைப் பார்த்து இழுத்தது. ஹங்குரன்கெத்தவிலிருந்து மாவட்டக் கச்சேரிக்குப் போக நுவரெலியா மலை ஏறவேண்டும். கண்டியோ இறங்குபாதையில் இருக்கிறது. சந்தைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கண்டி, கச்சேரிக்கு நுவரெலியா என்ற இந்தப் பிளவு அன்று தொடங்கியது.

இதே அரசு கம்சபாவுக்கும் புத்துயிர் கொடுத்தது. 1856இன் நீர்ப்பாசனச் சட்டம் வயற்காரர் கூடித் தண்ணீர் வழக்கங்களை வகுத்துக்கொள்ள இடம் தந்தது. 1871இன் 26ஆம் இலக்கக் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் அதை விரிவாக்கியது. பிரிவுதோறும் கிராமச் சங்கம், சிறு வழக்குகளுக்குக் கிராம நீதிமன்று, வேலி, கால்நடை, வாய்க்கால், ஊர்ப் பாதை, பள்ளிக்கூடம் பற்றி விதிகள் செய்யும் அதிகாரம் என்று ஏற்பாடு இருந்தது. சங்கத்தின் தலைமையில் இருந்தவர் பெரும்பாலும் ரட்டே மஹத்மயாவே. ஐரோப்பியரும் பறங்கியரும் கிராம நீதிமன்றின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் அல்லர். அதே ஊரின் எல்லைக்குள் தோட்டம் வைத்திருந்த துரை இந்தச் சபைக்கு வெளியே நின்றார். பின்னால் வரப்போகும் நெடிய கதையின் முதல் அத்தியாயம் இது.

சபை கிடைத்த குடிகளுக்கும் காலம் நல்லதாக அமையவில்லை. நெல் வரி அவர்களைப் பிழிந்தது. 1880களில் வரி நிலுவைக்காக வலப்பனையிலும் உடஹேவாஹெட்டவிலும் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. சில ரூபா பாக்கிக்காகப் பரம்பரை வயல் கைமாறியது. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த சி. ஜே. ஆர். லெ மெசூரியர் இதனால் விளைந்த வெளியேற்றத்தையும் பட்டினிச் சாவுகளையும் அறிக்கையிட்டார். அரசு அவருடைய எண்களை மறுத்தது. விவகாரம் லண்டன்வரை போனது. ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1892இல் வரியை நீக்க முடிவு செய்யப்பட்டது. அதே லெ மெசூரியர் 1893இல் வெளியிட்ட நுவரெலியா மாவட்டக் கையேடு, உடஹேவாஹெட்டவைப் பற்றி எழுதுவோர் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல்.

இனித் தோட்டங்கள். 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. ஏக்கர் 5 சிலிங்குக்குக்கூடக் காடு விற்பனையானது. கிராமத்தாரின் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் உதவிய மேட்டுநிலம் கோப்பித் தோட்டமாயிற்று. வயல்கள் பெரும்பாலும் கிராமத்தாரிடமே எஞ்சின. ஆகவே ஹேவாஹெட்டவில் மேலே தோட்டம், கீழே கிராமம் என்ற அடுக்கு உருவானது. ஒரே மலையில் இருந்தும் அவை இரண்டும் வெவ்வேறு உலகங்கள். தோட்டத்துக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தனர். கங்காணியின் முன்பணம் வாங்கி, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

இங்குள்ள தோட்டங்களில் உலகம் அறிந்தது லூல்கந்துர. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்த ஜேம்ஸ் டெய்லர், அப்போது பதின்ம வயதினர், முதலில் நாரங்ஹேனவிலும் பிறகு லூல்கந்துரவிலும் பணியாற்றினார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையின் வணிகத் தேயிலை அதிலிருந்து கணக்கிடப்படுகிறது. பங்களாத் தாழ்வாரத்தில் மேசைமீது கையால் இலை உருட்டி, களிமண் அடுப்பில் கரியின் மேல் வாட்டிச் சோதித்தவர், 1872இல் தொழிற்சாலையும் உருட்டும் இயந்திரமும் அமைத்தார். 1873இல் லண்டனுக்குப் போன முதல் சரக்கு 23 இறாத்தல். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தொழிலே சரிந்தபோது, தோட்டக்காரர் கையில் மாற்றுப் பயிர் தயாராக இருந்ததற்கு லூல்கந்துரவின் சோதனை ஒரு காரணம். டெய்லர் 1892 மே 2இல் அத்தோட்டத்திலேயே இறந்தார். தொழிலாளர் முறைவைத்து உடலைத் தோளில் சுமந்து கண்டிக்குக் கொண்டுவர, மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தொழிலாளர் அவரைச் சாமி துரை என்று அழைத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. மேசையில் உருண்ட அந்த இலையைக் கிள்ளியவர்கள் யார், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது பதிவாகவில்லை. தேயிலை வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நிருவாகக் கண்ணால் பார்த்தால் தோட்டம் ஒரு தனி அரசு. குடியிருப்பு லயம் துரையுடையது, பாதை துரையுடையது, மருந்துக் கொட்டிலும் பிள்ளைக் காம்பராவும் அவருடையவை. 1907இன் கிராமப் பாடசாலைச் சட்டத்தின்பின் தோட்டப் பள்ளிக்கூடமும் அவர் பொறுப்பில் வந்தது. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும் பதிவேடே அங்கு குடிமதிப்பு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கிராமத்துக்கு ரட்டே மஹத்மயாவும் சங்கமும் இருந்தது போலத் தோட்டத்துக்குத் துரையும் பெரிய கங்காணியும். இரண்டுக்கும் இடையில் பொதுவான மன்றம் எதுவும் இல்லை. கடைத்தெரு ஒன்றே இரு தரப்பும் சந்தித்த இடம்.

அக்கடைத்தெருக்களின் உருவாக்கத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. தெல்தோட்டை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோப்பிக் காலத்தின் வண்டிப் பாதைகளோடு வளர்ந்த அவ்வூரின் போப்பிட்டியில் 1866இல் பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். மலைநாட்டின் முதல் பெரும் தமிழ்ப் புலவர்களுள் ஒருவர். கண்டிக் கலம்பகம் அவர் பாடியது. தோட்டங்களைத் தவிர வேறு தமிழ் இங்கில்லை என்று எண்ணுவோர்க்கு இது நினைவூட்டத் தக்கது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளரில் நிரந்தர வதிவைக் காட்டக்கூடியவர்கள் அரசாங்க சபைக்கு வாக்களிக்க முடிந்தது. ஊர்ச் சபைக்கு முடியவில்லை. 1937இல் கிராமச் சமூகங்கள் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தியத் தோட்டத் தொழிலாளர் வாக்குரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். இந்திய அரசு எதிர்த்தது. அதற்குக் கிடைத்த விடை வினோதமானது: இனத்தின் பெயரை எடுத்துவிட்டு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்று ஆக்கினார்கள். பாகுபாடு என்ற குற்றச்சாட்டு காகிதத்தில் மறைந்தது, விளைவு மாறவில்லை. தோட்டங்கள் சங்கத்துக்கு வரி கட்டுவதில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட ஒரு வாதம். தோட்ட முதலாளிக்குக் கிடைத்த விலக்குக்குத் தொழிலாளி விலை கொடுத்தான் என்பதே அதன் பொருள்.

இந்தப் பின்னணியில்தான் முல்லோயாவைப் பார்க்கவேண்டும். ஹேவாஹெட்டவின் முல்லோயாத் தோட்டத்தில் சமசமாஜக் கட்சி சார்ந்த அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தோர் ஊதிய உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10இல் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகியாக அவரே நினைக்கப்படுகிறார். துப்பாக்கிச் சூடு பற்றி விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அதன்முன் கோவிந்தனின் மனைவிக்காகச் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். தோட்டத்து வழக்குகளை ஒத்திவைக்குமாறு உள்துறை அமைச்சர் டி. பி. ஜயதிலக்க பொலிஸ் மா அதிபரிடம் கேட்க, அவர் மறுக்க, ஆளுநர் கல்டிகொட் பொலிஸ் மா அதிபர் பக்கம் நிற்க, அமைச்சர் சபையே பதவி விலகி அரசியலமைப்பு நெருக்கடி மூண்டது. ஊர்ச் சபைக்கு வாக்களிக்கக்கூட உரிமையில்லாத ஒருவரின் சாவு நாட்டின் அமைச்சர் சபையை அசைத்தது. அந்த ஆண்டு முழுவதும் வேலைநிறுத்தங்கள் ஊவா வரை பரவின. ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து அவர்கள் தப்பிய கதை தனி.

சுதந்திரத்துக்குப்பின் நிலைமை இன்னும் இறுகியது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. ஆனால் தொகுதிகளை வகுக்கும்போது தலைகளை எண்ணினார்கள். குடியுரிமை இல்லாதோரும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்ந்ததால் மலைநாட்டுக்குக் கூடுதல் ஆசனங்கள் கிடைத்தன. அந்த ஆசனங்களுக்கு வாக்களித்தவர்கள் கிராமத்தார் மட்டுமே. 1960 முதல் ஹேவாஹெட்டவும் ஹங்குரன்கெத்தவும் தனித்தனித் தொகுதிகளாக இருந்தன. லயங்களில் வாழ்ந்தோர் ஆசனத்தின் எண்ணிக்கையைக் கூட்டினர், ஆசனத்தில் அமர்பவரைத் தெரிவு செய்யவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1973–74இன் அரிசித் தட்டுப்பாட்டில் லயங்கள் பட்டினி கிடந்தன. 1992இல் பெரும்பாலான அரச தோட்டங்கள் 22 கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போனபோது கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் சில ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமே தங்கின. லூல்கந்துர அவற்றுள் ஒன்று.

இதற்கிடையில் நிருவாக ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக மாறின. ரட்டே மஹத்மயாக்களின் இடத்தில் 1940களுக்குள் பிரிவு இறைவரி அலுவலர்கள் வந்தனர். 1963இல் ஊர்த் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். 1992இன் 58ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச செயலாளர் பதவி உறுதியாயிற்று. தெரிவு செய்யப்படும் சபைகளின் கதை வேறு வழியில் போனது. கிராமச் சங்கங்களையும் பட்டின சபைகளையும் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் விழுங்கின. ஊருக்கும் சபைக்கும் இருந்த நெருக்கம் அன்று அறுந்தது. அந்த ஏற்பாடு பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் புதிய மன்றங்களை உருவாக்க, 1991 மே மாதம் அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. பாத்தஹேவாஹெட்டப் பிரதேச சபையும் ஹங்குரன்கெத்தப் பிரதேச சபையும் இப்படிப் பிறந்தவை. முதலாவது பழைய ரட்டவின் பெயரைக் காத்தது. இரண்டாவது அரசனின் மறைவிடத்துப் பெயரை எடுத்துக்கொண்டது. உடஹேவாஹெட்ட என்ற பெயர் பழைய பத்திரங்களோடு நின்றுவிட்டது.

பழைய நிலப்பிரிவின் பெயரைச் சபைக்கு இடுவது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. வட இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் கிரேவன் என்ற நாட்டுப்புறப் பெயர் 1086இன் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே உள்ளது. 1974இல் உள்ளூராட்சி மறுசீரமைப்பின்போது ஸ்கிப்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மாவட்ட சபைக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. 2023 ஏப்ரல் 1இல் அச்சபை நீக்கப்பட்டு வடக்கு யோர்க்ஷயர் என்ற ஒரே சபையோடு சேர்ந்தது. அங்கும் எல்லையைத் தீர்மானித்தது செலவும் வசதியும்தான். வேறுபாடு ஒன்று உண்டு: கிரேவனில் குடியிருந்த எவரும் தாம் வேலை செய்யும் பண்ணையின் வேலிக்குள் வசித்த காரணத்தால் சபைக்கு வெளியே நிறுத்தப்படவில்லை.

ஹேவாஹெட்டவில் அந்த நிலை பிரதேச சபைகள் வந்தபின்னும் தொடர்ந்தது. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் சிக்கல் தீர்ந்தது. தோட்டத்தார் வாக்களித்தனர், உறுப்பினராகவும் தெரிவாயினர். எனினும் சபையின் பணம் தோட்ட எல்லைக்குள் நுழைய முடியவில்லை. 1987 சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்குத் தடையாகக் காட்டப்பட்டது. தோட்டத்து வாக்குகளால் வென்ற உறுப்பினர், தம் வீட்டு லயத்துக்குப் போகும் பாதையைச் சபை நிதியில் திருத்த முடியாமல், தோட்ட நிருவாகத்தின் அனுமதியைக் கேட்டு நின்றார். நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியோ அமைச்சு ஒன்றின் திட்டமோ வந்தால்தான் கொங்கிறீற்றுப் பாதை. சபை தெருவிளக்குக் கம்பத்தோடு நின்றுவிடும். கிராமத்தவருக்கு உரிமையாகக் கிடைத்தது தோட்டத்தவருக்கு அரசியல்வாதியின் கொடையாக வந்தது. மலையக அரசியலின் பல குணங்களுக்கு இந்தச் சட்டப் பிரிவைக் காரணம் சொல்லலாம். பேச்சாளர்கள் பொதுவாகத் தலைவர்களைத்தான் குறை சொல்வார்கள்.

2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கியது. அதே ஆண்டு பெப்ரவரி 10இல் கலப்பு முறையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் அதற்குமுன் ஆறாகப் பிரிக்கப்பட்டிருந்தன, ஹங்குரன்கெத்த பிரிக்கப்படவில்லை. தோட்டத் தமிழர் மிகுந்து வாழும் சபைகளின் மக்கள்தொகை அளவுக்கு மீறியிருந்ததே பிரிப்புக்குக் காரணம். ஹங்குரன்கெத்தவில் கிராமங்களே மிகுதி. ஆகவே இங்குள்ள தோட்டத்தார் ஹட்டன், நோர்வூட் பக்கத்தாரைப் போலச் சபையில் பெரும்பான்மை ஆகும் வாய்ப்பு இல்லாதவர்கள். பாத்தஹேவாஹெட்டவிலும் அதே நிலைதான். மலையகம் என்றாலே ஹட்டனை எண்ணிப் பேசும் கட்சிகளின் கணக்கில் ஹேவாஹெட்ட எப்போதும் ஓரத்தில் இருந்ததற்கு இந்த எண்ணிக்கையே காரணம்.

2018இல் தெரிவான சபைகளின் காலம் ஓராண்டு நீட்டிப்போடு 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 வரை தள்ளிப்போக, பிரதேச சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் அதிகாரிகள் கையில் இருந்தன. தோட்டங்களுக்குள் பணம் செலவிடும் உரிமை கிடைத்த பிறகு, 2023 மார்ச் வரை சபைகள் முழுமையாக இயங்கிய காலம் ஐந்து ஆண்டுகூட இல்லை. வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் பெற்ற குடும்பங்கள் சில உண்டு. மற்றவர்கள் இருக்கும் லயத்தின் நிலம் அரசுக்குரியது. நிருவாகம் கம்பனியிடமோ அரச சபையிடமோ இருக்கிறது. அந்த நிலத்தில் வீட்டுக்கு வீடு உரிமையும் தனி முகவரியும் வழங்குவது பிரதேச சபையின் கையில் இல்லை. அது கொழும்பில் முடிவாக வேண்டிய விடயம்.